அலறலில் ஒரு ‘ங்க’

மூன்று மாதம் முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு என் வீட்டுக்காரர் எழுந்துபோனார். சாம்பாரில் ஒரு குறையும் இல்லை. டிவியில் ஓடிக்கொண்டிருந்த படத்தில் ஒரு அம்மா, செத்து மூன்று நாளான தன் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்திருக்கவில்லை. தட்டு காய்ந்தது, கை காய்ந்தது... கண்ணைக்கூட எடுக்கவில்லை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பலவீனம் தெரியும். எனக்குக் கோரமான பேய்ப் படங்கள் பிடிக்கும். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம் வகையறா இல்லை. பார்த்த பிறகு ஒரு வாரம் மீன் கழுவ முடியாமல் செய்கிற வகை. “ஐம்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையா மேடம்?” என்று எனக்கு வருகிற கடிதங்களைச் சேர்த்தால் ஒரு சாக்குப் பை நிறையும்.

தேவைதான். ஏன் என்று கேட்டால்... என் அப்பா ஒரு கோடைக்காலத்தில் இறந்தார். வெளியூரிலிருந்து தம்பி வருவதற்காக ஒன்றரை நாள் வைத்திருந்தோம். சினிமாவில் சாகிறவர்கள் தூங்குகிற மாதிரி இருப்பார்கள். அப்பா அப்படி இல்லை. அந்த முகத்தைப் பற்றி வீட்டில் யாரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பல வருஷம் கழித்து ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தில், ஒரு பிணத்தை உள்ளபடி காட்டினார்கள். நான் அழுதேன். ‘அப்பாடா, இதைப் பார்த்த ஆள் இன்னொருத்தரும் இருக்கிறார்’ என்கிற நிம்மதி! அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

சரி, அந்த மதியப் படத்துக்கு வருகிறேன்.

படத்தைக் கொண்டுவந்து கொடுத்தது திலீபன். நெய்வேலியில் எங்கள் பிளாக்கிலேயே பிறந்து வளர்ந்த பையன். பையன் என்ன பையன்... முப்பது வயது. அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று அதை விட்டுவிட்டு கேமராவைத் தூக்கிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்தான். அவன் அம்மா என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அழுதார். “ஒரு வருஷம் விட்டுப் பாருங்க” என்று சமாதானம் சொல்லி அனுப்பியது நான்தான். ஆக, அவன் எடுத்த படத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இருபத்துநான்கு நிமிஷம். ஒரு வீடு, ஒரு அம்மா, காய்ச்சலில் இறந்துபோன ஒரு மகன். அவள் யாரிடமும் சொல்வதில்லை. குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள், தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவுகிறாள்... சீப்போடு முடி வருகிறது. சீப்பிலிருந்து அந்த முடியை எடுத்துப் பத்திரமாக முந்தானையில் முடிந்துகொள்கிறாள். நான்காம் நாள் காலையில் போர்வையை விலக்குகிறாள்.

அப்போது அலறினாள் பாருங்கள்!

அந்த மாதிரி ஒரு அலறலை நான் எந்தப் படத்திலும் கேட்டதில்லை. தொண்டையில் ஏதோ கிழிந்த சத்தம். ஓடிப்போய்க் கதவை அடிக்கிறாள். திறக்கவில்லை. கதவைப் பார்த்துக் கைகூப்பி, “தம்பி... தொறங்க... தம்பி, தொறங்க” என்று கெஞ்சுகிறாள்.

கவனித்தீர்களா? ‘தொற’ இல்லை. ‘தொறப்பா’ இல்லை. ‘தொறங்க’!

எங்கள் பக்கத்தில் பெற்ற மகனை ‘தம்பி’ என்று கூப்பிடுவது சகஜம். ஆனால் மகனுக்கு எந்தத் தாயாவது ‘ங்க’ போடுவாளா? உயிரோடு இருந்தவரை வாடா போடா என்று வளர்த்த பிள்ளையைச் செத்தபிறகு மரியாதையோடு கூப்பிடுகிறாள் என்றால், அவன் இனி அவள் பிள்ளை இல்லை. அந்த வீட்டுக்குள் அவளை அடைத்துவைத்திருக்கிற வேறு ஏதோ ஒன்று. இதைப் பக்கம் பக்கமாக வசனம் எழுதாமல் இரண்டே எழுத்தில் சொல்லிவிட்டானே!

நான் துள்ளிக் குதித்தேன். குதித்ததோடு நிற்காமல், அந்த வாரமே இதே இடத்தில் எழுதினேன். உங்களில் பலர் படித்திருப்பீர்கள். கடலூரிலிருந்து ஒரு தமிழாசிரியர் ‘ங்க’ பற்றி மூன்று பக்கம் பாராட்டிக் கடிதம் போட்டார். கேரளாவில் ஒரு குறும்பட விழாவில் படத்தை எடுத்துக்கொண்டார்கள். திலீபனின் அம்மா கேசரி செய்துகொண்டு வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம்.

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, கேட்டில் ஒரு பெண் நின்றார். நாற்பது வயது இருக்கும். கையில் மடித்த செய்தித்தாள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது... படத்தில் வந்த அந்த அம்மா!

பெயர் மல்லிகா. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். முந்திரி உடைக்கிற வேலை. மகளிர் குழுவில் குடிக்கு எதிராக, டெங்குவுக்கு எதிராக என்று தெருத்தெருவாக நாடகம் போடுவார்களே, அதில் நடித்துக்கொண்டிருந்தவரைத் திலீபன் கண்டுபிடித்திருக்கிறான். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்து, ஃபேனைப் போட்டு, காபி கலந்து, நிறுத்தாமல் புகழ்ந்து தள்ளினேன். அவர் காபியைக் குடித்து முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எம் பொண்ணு படிச்சுக் காமிச்சா மேடம். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் தப்பா இருக்குது.”

“எது?”

“அந்த ‘தொறங்க’. அது மவனா நடிச்ச புள்ளயக் கூப்புட்டது இல்லீங்க. டைரக்டர் தம்பியக் கூப்புட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னபோது புரிந்தது. புரிந்ததும் என் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். போர்வைக்கு அடியில் ரப்பர் பொம்மை இருக்கும் என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் பொம்மையை வைத்து ஒத்திகையும் பார்த்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு அவர் போயிருந்த நேரத்தில் பொம்மையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில், இரண்டு நாள் முன்னால் வாங்கி வெயிலில் மூடிவைத்திருந்த ஆட்டுக்குடல். புழு நெளிகிற பதத்தில்! கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு எல்லோரும் வெளியே போய், கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு, மானிட்டரில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போர்வைக்குக் கிட்டப் போகும்போதே நாற்றம் வந்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்று மல்லிகாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும், ஷாட்டைக் கெடுத்துவிடக் கூடாதே என்று போர்வையை விலக்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் அந்த அலறல். அந்தக் கதவு. அந்தக் கைகூப்பல். மூன்று நிமிஷம்.

“தொறந்தப்போ எல்லாரும் கை தட்டுனாங்க மேடம்” என்றார்.

அந்த இடத்தில் மட்டும்தான் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

இப்போதும் வீட்டில் குளிக்கப் போனால் தாழ்ப்பாள் போடுவதில்லையாம். மகள் வெளியே காவல் நிற்கிறாளாம். கணவர் இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்கிறாராம். எல்லாவற்றையும் ஏதோ பஸ் லேட்டாக வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பெண் உயிர் பதறி உதவி கேட்டிருக்கிறார். நான் அதற்கு இலக்கணக் குறிப்பு எழுதியிருக்கிறேன்!

இதிலே கொடுமை என்னவென்றால், எனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். கேமராவுக்கு முன்னால் நிஜமாக எதுவும் துன்பப்படக் கூடாது. நிஜமாகவே ஒரு மிருகத்தைக் கொன்று காட்டுகிற படம் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே அணைத்துவிடுவேன். எவ்வளவு கோரமும் காட்டலாம், ஆனால் அத்தனையும் பொய்யாக இருக்கவேண்டும்... இந்தச் சட்டத்தை வருஷக்கணக்காகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இந்த அலறல் எப்படி வந்தது என்று திலீபனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? தோன்றவே இல்லை. நன்றாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. நமக்குப் பிடித்த விஷயத்தில் நாம் போலீஸ் வேலை பார்ப்பதில்லை, இல்லையா?

கோபத்தில் நான் பொங்கினேன். இந்த வாரமே எழுதிக் கிழிக்கிறேன், விழாக்காரர்களுக்கு மெயில் போடுகிறேன், படத்தை நிறுத்துகிறேன் என்று அடுக்கினேன். மல்லிகா தலையாட்டி மறுத்தார்.

“நிறுத்தவா இம்புட்டு தூரம் வந்தேன்? நல்ல படம் மேடம் அது. அந்தப் புள்ளைக்குத் தலை சீவறது, சோறு ஊட்டறது எல்லாம் நான் நடிச்சது. அதுல எனக்குப் பெருமைதான். இது ஒண்ணு மட்டும் நான் நடிக்கல. இத எடுத்துட்டு, திருப்பி எடுக்கச் சொல்லுங்க. நான் நடிக்கிறேன்.”

சொல்லிவிட்டு, இந்தக் கதையை எப்போது எழுதினாலும் தன்னைக் கேட்காமல் எழுதக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு, பதினொன்றரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். (இப்போது எழுதுகிறேன் என்றால் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், பெயர் எல்லாம் போடுங்கள், அப்போதுதான் நாலு பேருக்குத் தெரியும் என்றார்.)

அன்று மத்தியானம் அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒரு பிரேம்கூட மாறவில்லை. அதே வெளிச்சம், அதே கதவு, அதே குரல். ஆனால் என்னால் ஒரு தாயைப் பார்க்க முடியவில்லை. திறந்துவிடச் சொல்கிற மல்லிகாவைத்தான் பார்த்தேன். பாதியில் நிறுத்தினேன். மிருகத்தைக் கொன்ற படங்களை விட்டால், நான் பாதியில் நிறுத்திய முதல் பேய்ப் படம் இதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் திலீபனைக் கூப்பிட்டேன். வந்தான். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. அன்றைக்கு ஷூட்டிங் முடிந்து மல்லிகா டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினார், ஒன்றுமே சொல்லவில்லை என்றான். ‘நீ கேட்டாயா?’ என்றேன். உடனே, கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லோரும் செய்கிற மாதிரி, தத்துவத்துக்குத் தாவினான். உலகம் முழுக்க பெரிய பெரிய இயக்குநர்கள் இப்படித்தான் எடுக்கிறார்கள், நிஜப் பயம் நடிப்பில் வராது, பார்க்கிறவர்களைப் பயமுறுத்துவதுதான் இந்தப் படத்துக்கு நேர்மை என்று அடுக்கிக்கொண்டே போனான். கடைசியில் ஒரு கேள்வி கேட்டான்.

“நீங்கதானே ஆன்ட்டி அதுதான் பெஸ்ட் சீன்னு எழுதினீங்க? தெரியாதப்போ நல்ல சீன், தெரிஞ்சதும் கெட்ட சீனா?”

நியாயமான கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பொய் சொல்வானேன்... இன்றைக்கும் முழுசாக வரவில்லை. அந்த அலறல் திரையில் வேலை செய்தது. என்னையே எழுந்து உட்கார வைத்தது. ‘கெட்ட வழியில் வந்த காட்சி, அதனால் கெட்ட காட்சி’ என்று சுலபமாகச் சொல்லிவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

“எனக்குத் தெரியலைடா. அவங்ககிட்டயே பேசு” என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து மல்லிகா எங்கள் வீட்டுக்கு வந்தார். திலீபனும் வந்தான். சோபாவில் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். நடுவில் நான், பஜ்ஜித் தட்டோடு. யாரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

மல்லிகாதான் ஆரம்பித்தார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன் தம்பி. புழுவத் தொடச் சொன்னாக்கூடத் தொட்டிருப்பேன். தெனம் முந்திரி எண்ணெயில கை வேகறவ நானு, எனக்கு அது பெரிசா? நீங்க கேக்காம எடுத்துக்கினீங்க. அதான்.”

திலீபன் தரையைப் பார்த்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டான். வாய்வார்த்தைக்குக் கேட்ட மாதிரி தெரியவில்லை, காது சிவந்திருந்தது. மறுபடி எடுப்பதற்கும் ஒப்புக்கொண்டான். எடுத்துப் பார்ப்போம், இரண்டில் எது நன்றாக வந்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்வோம் என்றான். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

மல்லிகாவுக்குப் படவில்லை.

“ரெண்டையும் வெச்சுக்கினு எது நல்லாருக்குன்னு பாத்தா, நீங்க அதைத்தான் வெப்பீங்க. மொதல்ல அத அழிங்க. அப்புறம் நடிக்கிறேன்.”

இதன் அர்த்தம் புரிகிறதா உங்களுக்கு? புதுக் காட்சி சொதப்பினால் படமே கோவிந்தா. விழாவுக்குக் கடைசிப் பிரதியை அனுப்ப இன்னும் பத்தே நாள். அலறல் இருந்ததால்தான் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. ஒரு வருஷ உழைப்பு, அவன் அம்மாவின் கண்ணீர், என் வாக்குறுதி எல்லாவற்றையும் கொண்டுபோய், ஒரு தெருநாடகக்காரரின் நடிப்பை நம்பி வைக்கவேண்டும்.

திலீபன் எழுந்தான். செருப்பைப் போட்டான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவர் ஒரு பஜ்ஜியை எடுத்தார். “வருவாப்ல” என்றார்.

சனிக்கிழமை வரவில்லை. நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. ஞாயிறு காலை பத்து மணிக்கு லேப்டாப்பும் இரண்டு ஹார்ட்டிஸ்க்குமாக வந்து நின்றான். மழிக்காத தாடி, தூங்காத கண். மல்லிகாவை அவனே போனில் கூப்பிட்டிருக்கிறான். அடுத்த பஸ்ஸில் அவரும் வந்துவிட்டார்.

டைனிங் டேபிளில் எல்லாவற்றையும் பரப்பினான். விழாவுக்கு அனுப்பியது உட்பட எங்கெங்கே பிரதி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசி பட்டனை மட்டும் நீங்கள் அமுக்குங்கள் என்று மல்லிகா பக்கம் திருப்பினான். அவர் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அமுக்கினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“உங்ககிட்ட ஒண்ணு இருக்குதில்ல மேடம்?”

இருந்தது. பென் டிரைவ். பீரோவில், நகைப்பெட்டி பக்கத்தில் வைத்திருந்தேன். எடுத்து வந்து கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்... அதைக் கொடுக்கும்போது எனக்கு வலித்தது. என் வாழ்நாளில் கேட்ட மகா அலறல், என் கண் முன்னாலேயே காணாமல் போகிறது! ஒரு மனுஷி அனுபவித்ததன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி நினைக்கிறோமே என்று தோன்றியது. தோன்றியும் வலி போகவில்லை. ரசிகர்கள் கொஞ்சம் ஆபத்தான ஜாதி.

புதன்கிழமை காலை மறுபடி ஷூட்டிங். முத்தாண்டிக்குப்பத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புக்குள் அதே பழைய வீடு. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. நானும் போனேன். மல்லிகா என்னை வரச் சொல்லியிருந்தார்.

எல்லா ஏற்பாடும் இந்த முறை மல்லிகா சொன்னபடி. கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். கேமராமேன் உள்ளேயே இருக்கவேண்டும், திலீபனும் உள்ளேயே. யாருக்கு முடியவில்லை என்றாலும் “முந்திரி” என்று சொன்னால் போதும், அந்த நொடி எல்லாம் நிற்கும். கதையில் முந்திரி எங்கேயும் வராது என்பதால் அந்த வார்த்தை. போர்வைக்கு அடியில் இருந்த ரப்பர் உடம்பை அவரே தொட்டுப் பார்த்தார், கன்னத்தைக் கிள்ளினார். அதன் தாடையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து கயிறு இழுத்துத் திறக்க ஒரு ஏற்பாடு. அதையும் இரண்டு தடவை இழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். புழு? அதையும் அவரே கொண்டுவந்திருந்தார். தூக்கு நிறைய வேகவைத்த ஜவ்வரிசி, கூடவே நறுக்கிய சேமியா! ரப்பர் முகத்தில் அதை அவர் அப்பியபோது கேமராமேன் வாயைப் பொத்திக்கொண்டு தோப்புப் பக்கம் நகர்ந்தார். அது வெறும் ஜவ்வரிசி என்று கண்ணால் பார்த்தபிறகும்!

நான் கதவை ஒட்டி நின்றேன். திலீபன் ஆரம்பிக்கச் சொன்னான்.

மல்லிகா உள்ளே வந்தார். போர்வையை விலக்கினார். பார்த்தார்.

அலறவில்லை.

கட்டிலில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் நெளிவதை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, அவசரமே இல்லாமல். பொறுக்கியதைக் கீழே போடவில்லை. மடியில் சேர்த்துக்கொண்டார். இமையோரத்தில் இருந்ததை முந்தானை நுனியால் ஒற்றி எடுத்தார். “எழுந்திருப்பா... எம்மாம் நேரம் தூங்குவ... எழுந்திருடா தம்பி” என்றார், சாதாரணக் குரலில். தினமும் காலையில் ஏழு மணிக்கு எந்த வீட்டிலும் கேட்கிற குரல்.

கயிறு இழுபட்டது. பொம்மையின் வாய் திறந்தது.

மல்லிகா சிரித்தார்... பசிக்குதா என்று கேட்டார். பக்கத்தில் சோறு இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தன் சுண்டுவிரலை அந்த வாய்க்குள் வைத்து, குழந்தைக்குத் தலை தடவுவது போல இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருந்தார். பிள்ளை விரலைக் கடிப்பது போல முகம் வலியில் சுருங்கியது. ஆனால் கையை எடுக்கவில்லை. தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு சத்தம் வந்தது. தாலாட்டா, முனகலா... தெரியவில்லை. எனக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது. பகல் பதினோரு மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது, தாழ்ப்பாளே இல்லாத கதவு. அப்படியும்!

“முந்திரி” என்று ஒரு குரல் கேட்டது.

திலீபன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். கன்னம் ஈரம்.

மல்லிகா சட்டென்று விரலை எடுத்து உதறிவிட்டு எழுந்துபோய், “என்னாச்சு தம்பி? தண்ணி வேணுமா?” என்று அவன் தோளைத் தொட்டார். இந்தப் பக்கம் ஒரு நொடி, அந்தப் பக்கம் ஒரு நொடி! அவ்வளவு சீக்கிரம் ஒரு மனுஷி அங்கேயிருந்து இங்கே வரமுடியும் என்று நான் நினைத்ததே இல்லை. மடியில் இருந்த ஜவ்வரிசி தரையெல்லாம் கொட்டியது.

மரத்தடியில் டீ குடிக்கும்போது நான் கேட்டேன், ஏன் அலறவில்லை என்று. அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார்.

“பெத்தவ, தம் புள்ளயப் பாத்து எதுக்கு மேடம் கத்தப்போறா? அன்னிக்குக் கத்துனது நானு. அவ கத்தமாட்டா.”



இருபத்தைந்து வருஷமாகப் பேய்ப் படம் பார்க்கிறேன். இருபது வருஷமாக எழுதுகிறேன். அந்த அலறல் அந்தத் தாயின் அலறலே இல்லை என்று எனக்குத் தெரியவில்லை! மகனின் முடியைக்கூட முந்தானையில் முடிந்துவைக்கிற ஒருத்தி, அவன் உடம்பைப் பார்த்துக் கதவுக்கு ஓடுவாளா? ஓடியது மல்லிகா. ஏமாற்றி, அடைத்து, பிடுங்கியது என்னவோ நிஜமான பயம்தான். ஆனால் அது கதைக்குச் சம்பந்தமில்லாத ஒருத்தரின் பயம். அதை அந்தத் தாயின் வாயில் ஒட்டிவைத்தார்கள், நான் ஒட்டு தெரியாமல் கை தட்டினேன்.

எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். கொடுமைப்படுத்தி எடுத்த காட்சிகள் எத்தனையோ நன்றாகவே இருக்கின்றன. அதுதான் இதில் இருக்கிற சங்கடமே. மல்லிகாவின் புது நடிப்பு சுமாராக வந்திருந்தாலும், பழையதை அழித்தது சரிதான். அது அவருடையது, அவரைக் கேட்காமல் எடுத்தது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் சுமாராக வரவில்லையே! அதைவிடப் பத்து மடங்கு பயங்கரமாக வந்துவிட்டதே! இந்தச் சந்தோஷத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

படம் நேரத்துக்குக் கேரளா போய்ச் சேர்ந்தது. திலீபனும் மல்லிகாவும் அவர் மகளும் ரயிலில் போனார்கள். அரங்கில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்களாம். ஒருவர் மயக்கம் வருகிறது என்று தண்ணீர் கேட்டாராம். படம் முடிந்து விளக்கு போட்டபிறகு கொஞ்ச நேரம் யாரும் கை தட்டவில்லையாம். பிறகுதான் தட்டினார்களாம். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. திலீபன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மேடையில் ஒரு மூதாட்டி மல்லிகாவின் சுண்டுவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைத்தான் மூன்று முறை சொன்னான். அடுத்த கதையை எழுதுவதற்கு முன்னால் மல்லிகா வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறான்.

மல்லிகா இப்போது தாழ்ப்பாள் போட்டுத்தான் குளிக்கிறாரா என்று கேட்டேன். சில நாள் போடுகிறாராம், சில நாள் இல்லையாம். அது அவ்வளவு சீக்கிரம் போகாது போலிருக்கிறது.

போன வாரம் அவருக்குச் சென்னையிலிருந்து ஒரு அழைப்பு. டிவி சீரியல். நாயகனின் அம்மா வேஷம், தினமும் அழவேண்டும். நான் சந்தோஷத்தில் போனிலேயே கத்தினேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

“அழுவறது என்னா மேடம், யார் வேணா அழுவலாம். நாலு பேரு தூக்கத்தக் கெடுக்கறதுல இருக்கற சொகமே தனி.”